சிறு சிரங்கு என்று விட்டுவிடாதீர்கள்!

 

ஆம்பூரிலிருந்து ஒரு சகோதரி நமது பகுதிக்குக் கடிதம் வரைந்துள்ளார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூவருக்கும் மாறி மாறிச் சிரங்கு வருகிறது. ஒருவனுக்கு ஆறினால் அடுத்தவளுக்குக் கிளம்புகிறது. கோடையில் சீழ்க்கட்டிகளும் சேர்ந்துகொள்கின்றன. "உடற்சூடு என்கிறார் மாமியார். மாம்பழத்தை நிறுத்து என்கிறார் அண்டை வீட்டு அக்கா. நாங்கள் ஐவேளையும் ஒளு செய்கிறவர்கள். நாள் தவறாமல் குளிக்கிறவர்கள். சுத்தத்தில் குறை வைக்காத வீட்டில் இது ஏன் வருகிறது?" என்பது அவரது வினா.

நான் மருத்துவன் அல்லன். மதரஸாவில் பாடம் சொல்லித் தருபவன். கல்லூரியில் படித்ததும் வரலாறுதான். எனினும் இந்த வினாவுக்குரிய விடையைப் பட்டுத் தெரிந்துகொண்டவன். ஆகவே முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு சிறிய மதரஸாவில் முப்பது பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். அவர்களுள் ஒருவன் ஒன்பது வயதுச் சிறுவன். தந்தைக்குத் தோல் பதனிடும் ஆலையில் கூலி வேலை. தாய்க்குக் காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை. மழைக்காலம் முடியும் தறுவாயில் அவன் முழங்கால்களிலும் முழங்கைகளிலும் சிரங்குகள் தோன்றின. தேன் காய்ந்தாற்போன்ற நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தன. "ஹஜ்ரத், இரவெல்லாம் அரிக்கிறது, தூக்கம் வரவில்லை" என்றான். "சிரங்குதானே தம்பி, தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொள், ஆறிவிடும்" என்று சொல்லிவிட்டு நான் பாடத்தைத் தொடர்ந்தேன்.

ஏறத்தாழ மூன்று வாரங்கள் சென்றன. ஒரு நாள் ஸுபுஹுத் தொழுகைக்கு எழுப்பச் சென்றபோது அவன் இமைகள் வீங்கிக் கண்கள் கோடுகளாகத் தெரிந்தன. சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்துப் போவதாகக் கூறினான். அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்த மருத்துவ அம்மையார் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார், சிறுநீரைச் சோதிக்க அனுப்பினார், பிறகு அவன் முழங்காலில் இருந்த வடுக்களைத் தொட்டுக் காட்டி, "இந்தப் புண்கள் எப்போது வந்தவை?" என்று கேட்டார். சொன்னேன். "இவற்றில் இருந்த கிருமியால்தான் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது" என்றார்.

எனக்கு உள்ளூர ஒரு தாங்கல் ஏற்பட்டது. "எங்கள் பிள்ளைகள் ஒரு நாளைக்கு ஐந்து முறை கைகால் முகம் கழுவுகிறவர்கள், அம்மா" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "கழுவிவிட்டு எதில் துடைக்கிறார்கள், ஐயா?" என்று கேட்டார்.

என்னால் மறுமொழி கூற இயலவில்லை. எங்கள் கொடியில் தொங்கியவை மூன்று துண்டுகள். பிள்ளைகளோ முப்பது பேர்.

அச்சிறுவன் இரண்டு வாரங்களில் நலமடைந்தான், அல்ஹம்துலில்லாஹ். இவ்வாறு நோயுறும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைந்துவிடுவர் என்று மருத்துவர்கள் ஆறுதல் கூறினர். ஆயினும் அந்த இரண்டு வாரங்கள் அவன் தாய் வேலைக்குச் செல்லாமல் கட்டிலருகே அமர்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. என்னை அவர் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே எனக்குப் பெரும் சுமையாயிற்று.

கிருமிகள் இரண்டு

நம் தோல் ஒரு மதில். அது பழுதின்றி இருக்கும்வரை கிருமிகள் வெளியிலேயே நிற்கும். நகக்கீறல், கொசுக்கடியைச் சொறிந்த இடம், வேர்க்குரு, செருப்புக் கடித்த புண், ஈரத்தில் ஊறி வெடித்த விரலிடுக்கு ஆகிய ஏதேனும் ஒரு சிறு திறப்புக் கிடைத்தால் உள்ளே புகும்.

சிரங்குக்கும் சீழ்க்கட்டிக்கும் பெரும்பாலும் காரணமாவன இரண்டு பாக்டீரியாக்கள். ஒன்று ஸ்டபிலோகாக்கஸ். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், 1880ஆம் ஆண்டளவில் கட்டிகளின் சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். திராட்சைக் குலைபோல் திரண்ட கிருமிகளைக் கண்டு, கிரேக்க மொழியில் அப்பொருள் தரும் இப்பெயரை 1882இல் சூட்டினார். மற்றொன்று ஸ்டிரெப்டோகாக்கஸ். இது தஸ்பீஹ் மணிகளைக் கோத்தாற்போல் சரம் சரமாகத் தெரியும். என் மாணவனின் சிறுநீரகத்தைத் தாக்கியது இந்த இரண்டாவது கிருமியால் வந்த விளைவு. கிருமி நேரே சிறுநீரகத்திற்குப் போவதில்லை. அதை எதிர்க்க உடலில் எழும் எதிர்ப்புப் பொருள்கள் கிருமியின் கூறுகளோடு சேர்ந்து சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. ஆகவேதான் புண் தோன்றி மூன்று வாரங்களோ அதற்கு மேலோ கழித்து, எல்லோரும் அதை மறந்த பின் முகம் வீங்குகிறது.

திராட்சைக் குலைக் கிருமி எங்கிருந்தோ வருவதன்று. நலமாக இருக்கும் மனிதர்களிலேயே பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருடைய மூக்கினுள் அது நிலையாகக் குடியிருக்கிறது. மூக்கைத் தொட்ட விரல் புண்ணைத் தொடும். புண்ணைத் தொட்ட விரல் தம்பியின் கன்னத்தைத் தொடும். துண்டு மூவரையும் தொடும். ஆம்பூர்ச் சகோதரியின் வீட்டில் சிரங்கு பிள்ளைக்குப் பிள்ளை தாவும் வழி பெரும்பாலும் இதுவே.

மாமியார் கூறும் உடற்சூட்டிலும் ஒரு துளி உண்மை உண்டு. நம் வேலூர் வெயிலில் வியர்வை மிகுகிறது, வேர்க்குரு கிளம்புகிறது, அரித்துச் சொறிகிறோம், தோல் திறக்கிறது. வெயில் கதவைத் திறந்து விடுகிறது. உள்ளே வருவது கிருமி. மாம்பழத்தின்மீது பழியில்லை. பிள்ளைகள் கழுவிய கையால் தாராளமாக உண்ணட்டும்.

கராச்சியில் கண்ட உண்மை

சோப்புப் போட்டுக் கழுவுவதால் இவ்வளவு பெரிய மாற்றம் விளையுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று தருகிறேன். 2002, 2003ஆம் ஆண்டுகளில் கராச்சி நகரின் ஏழைக் குடியிருப்புகளில் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். நெருக்கமான வீடுகள், போதாத நீர், நம்மைப் போன்றே ஒளு செய்து தொழும் குடும்பங்கள். சில குடியிருப்புகளில் வாரந்தோறும் பணியாளர்கள் சென்று இலவசமாகச் சோப்பு வழங்கினர். எப்போது கைகழுவ வேண்டும், எப்படிக் கழுவ வேண்டும் என்று காட்டினர். நாளொன்றுக்கு ஒருமுறை சோப்புப் போட்டுக் குளிக்கவும் ஊக்கினர். மற்றக் குடியிருப்புகளில் அவ்வாறு செய்யவில்லை.

இதன் முடிவு 2005ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. சோப்புப் பெற்ற வீடுகளில் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே பொருக்குச் சிரங்கு நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது. வயிற்றுப்போக்கு 53 பங்கு குறைந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிமோனியா பாதியாகக் குறைந்தது. இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. சில வீடுகளுக்குக் கிருமிநாசினி கலந்த சோப்பும், சில வீடுகளுக்குச் சாதாரணச் சோப்பும் கொடுத்திருந்தார்கள். பயனில் வேறுபாடு தென்படவில்லை. ஆகவே விளம்பரம் கண்டு விலை கூடிய சோப்பைத் தேட வேண்டியதில்லை. எளிய சோப்பே போதும்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அவ்விரு வகை வீடுகளிலும் நீர் இருந்தது. கழுவும் வழக்கமும் இருந்தது. வேறுபடுத்தியது சோப்பும் அதைப் பயன்படுத்தும் முறையுமே. தோலின் எண்ணெய்ப் பசையிலும் அழுக்கிலும் ஒட்டிய கிருமியை வெறும் நீர் முழுதும் அகற்றுவதில்லை. சோப்பு அந்தப் பசையை விடுவிக்கிறது. நீர் கொண்டு செல்கிறது.

ஒளுவும் துடைக்கும் துண்டும்

ஒளு என்பது வணக்கத்திற்கான தூய்மை. உறக்கத்திலிருந்து எழுந்ததும் கையைக் கழுவாமல் நீர்ப்பாத்திரத்தில் இடக் கூடாது என்றும், விரல்களின் இடுக்குகளைக் கோதிக் கழுவ வேண்டும் என்றும், நகங்களையும் களைய வேண்டிய முடிகளையும் நாற்பது நாள் கடக்கும்வரை விட்டுவைக்கலாகாது என்றும் நம் மார்க்கம் கற்பித்திருப்பதை நாம் அறிவோம். நோயைத் தடுக்கும் நல்ல பழக்கங்கள் இவற்றில் அடங்கியிருக்கின்றன. ஆனால் ஒளு நிறைவேறிவிட்டதால் உடல் சுத்தத்தின் கடமை அனைத்தும் முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வது நம் தவறு. அந்தத் தவற்றைத்தான் நான் செய்தேன்.

ஆகவே மூன்று செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, துண்டு. ஒளுச் செய்யும் இடத்தில் ஒரே துண்டைத் தொங்கவிட்டு அனைவரும் முகம் துடைப்பது பல வீடுகளிலும், சில பள்ளிவாசல்களிலும் உள்ள வழக்கம். விருந்தோம்பலாக எண்ணித்தான் அதைத் தொங்கவிடுகிறோம். ஆனால் நாள் முழுதும் ஈரம் உலராத அத்துண்டில் ஒருவரின் கிருமி மற்றவருக்குக் கைம்மாறுகிறது. துடைக்காமல் காற்றில் உலரவிட்டாலும் குறையில்லை; துடைப்பதாயின் அவரவர் கைக்குட்டையால் துடைத்துக்கொள்வோமாக. பள்ளிவாசலில் பொதுவுக்கு வைத்திருக்கும் தொப்பிகளும் அவ்வாறே. தலையில் சிரங்குள்ள பிள்ளைக்கு அவனுடைய தொப்பியையே கொடுத்தனுப்புங்கள்.

இரண்டாவது, கால்விரல் இடுக்கு. கோதிக் கழுவும் நாம் அதைத் துடைப்பதில்லை. ஈரக் காலோடு காலுறையும் பூட்ஸும் அணிந்து வேலைக்குச் செல்வோருக்கு இடுக்கில் தோல் வெளுத்து ஊறி வெடிக்கும். சேற்றுப்புண் என்கிறோம். அதைத் தொடங்கிவைப்பது பூஞ்சைக் காளான். ஆனால் அந்த வெடிப்பின் வழியே பாக்டீரியா புகுந்து கால் முழுதும் சிவந்து வீங்கிக் குளிர்காய்ச்சல் காண்பதுண்டு. யானைக்கால் நோயாளிகளுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலும் வீக்கமும் பெரிதும் இத்தகைய வெடிப்புகள் வழியே புகும் பாக்டீரியாவால் வருபவையே. நாள்தோறும் சோப்பால் கழுவி இடுக்குகளை ஒற்றி உலர்த்துவதே அவர்களுக்குரிய முதல் மருத்துவமாக இன்று கற்பிக்கப்படுகிறது.

மூன்றாவது, கட்டுப் போட்ட காயம். சிலர் ஒளுவுக்காக ஐவேளையும் கட்டை அவிழ்த்துக் காயத்தை நனைக்கிறார்கள். வேறு சிலர் இதற்கு அஞ்சிக் கட்டே போடுவதில்லை. நீர் பட்டால் தீங்கு நேரும் என்றிருக்கையில் கட்டின்மீது ஈரக்கையால் மஸ்ஹு செய்துகொள்ள மார்க்கத்தில் இடம் உண்டு. மத்ஹபுக்கு மத்ஹபு அதன் விவரங்கள் வேறுபடும். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காயத்தைத் திறந்து வைத்துத் துன்புறுமாறு மார்க்கம் நம்மை ஏவவில்லை.

நீருக்கே தட்டுப்பாடாயிற்றே என்று கேட்பீர்கள். உண்மை. ஆலைக் கழிவுகளால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டதும், வேலூர்க் குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இப்பகுதியினர் அறிந்தவை. உப்பு நீரில் சோப்பு எளிதில் நுரைக்காது. ஆயினும் கைகழுவக் குடம் நீர் வேண்டியதில்லை. கையை நனைத்து, சோப்பைத் தேய்த்து, விரலிடுக்கு, நகக்கண், புறங்கை எல்லாம் நிதானமாகத் தேய்த்த பின் கெண்டியிலிருந்து நீரை மெல்லச் சாய்த்தால் ஒரு குவளையே போதும். நீரைச் சிக்கனமாகச் செலவிட்டே ஒளு செய்யக் கற்றவர்கள் அல்லவா நாம்?

சொறி இருந்தால் சிரங்கு போகாது

பல வீடுகளில் சிரங்குக்கு அடியில் வேறொரு நோய் ஒளிந்திருக்கும். அதுதான் சொறி. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஓர் உண்ணி தோலைக் குடைந்து முட்டையிடுவதால் வருவது. விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு ஆகிய இடங்களில் அரிக்கும், இரவில் மிகும். சொறிந்த நகம் தோலைக் கிழிக்க, அங்கே பாக்டீரியா குடியேறுகிறது. என் மாணவன் "இரவெல்லாம் அரிக்கிறது" என்று சொன்னபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பிஜித் தீவுகளில் சொறிக்கு மட்டும் மருந்து கொடுத்து ஓர் ஆய்வு செய்தனர். அது 2015இல் வெளியாயிற்று. குடியிருப்பில் உள்ள அனைவருக்கும் சொறி மாத்திரை கொடுத்த இடத்தில், ஓராண்டில் சொறி நூற்றுக்கு 94 பங்கு குறைந்தது. சிரங்குக்கென மருந்து எதுவும் தராமலேயே சிரங்கும் 67 பங்கு குறைந்தது. வேரைப் பிடுங்கினால் கொடி வாடும்.

சொறி முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். "எனக்கு ஒன்றுமில்லையே" என்று சொல்லும் அண்ணனிடமும் உண்ணி இருக்கக்கூடும். ஆகவே மருத்துவர் தரும் களிம்பை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும். அவர் சொன்ன இடைவெளியில் மீண்டும் பூச வேண்டும். அன்றே உடைகள், போர்வைகள், தலையணை உறைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். துவைக்க இயலாதவற்றை ஒரு பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். உடலைவிட்டு நீங்கிய உண்ணி சில நாள்களில் மடிந்துவிடும். கைக்குழந்தைக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் என்ன மருந்து என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

தோல் தொழிலும் நம் தோலும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு தோல் தொழிலால் எரிகிறது. பிற உயிர்களின் தோலைப் பக்குவப்படுத்தும் கைகளின் தோல் எந்நிலையில் இருக்கிறது? உப்பிட்ட பச்சைத் தோலை ஊறவைக்கும் இடத்தில் நாளெல்லாம் ஈரம். முடியகற்றும் சுண்ணாம்புத் தொட்டியில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். பதனிடும் இடத்தில் குரோமிய உப்பு. இவை தோலின் பசையை உறிஞ்சி, வறட்டி, வெடிக்கச் செய்கின்றன. சிலருக்கு ஒவ்வாமையால் கரப்பான் வருகிறது. வெடித்த கையில் கிருமி புகுவது எளிது.

ஆகவே கையுறையும் முட்டளவு பூட்ஸும் ஆலை தரும்போது, "வேலை ஓடாது" என்று கழற்றி மூலையில் எறியாதீர்கள். கிழிந்த கையுறை வெறுங்கையினும் கேடு. உள்ளே புகுந்த சுண்ணாம்பு நீர் அங்கேயே தங்கிவிடும். வேலை முடிந்ததும் கைகால்களை நிறைய நீரில் கழுவி, சோப்பிட்டு, உலர்த்தி, தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். எண்ணெய் புண்ணுக்கு மருந்தன்று. வெடிக்காத தோலை வெடிக்காமல் காப்பதற்கே அது உதவும். வேலை உடையை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள். குழந்தையைத் தூக்குவது குளித்த பிறகு ஆகட்டும்.

பச்சைத் தோலைத் தொடுவோர் பெயரளவிலேனும் அறிந்திருக்க வேண்டிய நோய் ஒன்றுண்டு. அது அடைப்பான். ஆடுமாடுகளைத் திடீரெனக் கொல்லும் நோய். 1876இல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் இதன் கிருமியை ஆராய்ந்து, குறிப்பிட்ட ஒரு கிருமியே குறிப்பிட்ட ஒரு நோயை உண்டாக்குகிறது என நிறுவினார். இக்கிருமி வித்துக்களாக மாறி மண்ணில் பல்லாண்டுகள் உயிர்ப்புடன் கிடக்கும். தோலிலும் முடியிலும் ஒட்டியிருக்கும். நோயுற்ற பிராணியையோ அதன் தோலையோ கீறலுள்ள கையால் தொடுவோருக்குத் தோலில் தொற்றும். முதலில் கடிபட்டாற்போல் ஒரு தடிப்பு, பிறகு கொப்புளம், சுற்றிலும் வீக்கம், நடுவில் கரிபோல் கறுத்த பொருக்கு. வியப்பு யாதெனில் வலி இராது. வலியில்லாததால் காட்டாமல் விட்டுவிடுகிறார்கள். மருத்துவம் செய்யாவிடில் ஐவரில் ஒருவர்வரை உயிரிழக்கக்கூடும். உரிய காலத்தில் மருந்து கொடுத்தால் இறப்பு மிக அரிது. தென்னிந்தியாவில் இந்நோய் இன்னும் ஓயவில்லை என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களே 1996இல் ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள்.

செத்த பிராணியின் தோலும் பதனிட்டால் பொதுவாகத் தூய்மையடைந்துவிடும் என்பது நாம் மாணவர்க்குப் பாடமாகச் சொல்லும் சட்டம். ஆனால் பதனிட்டு முடியும்வரை அதை உரித்து, உப்பிட்டு, சுமந்து செல்லும் கைகளை யார் எண்ணுகிறோம்? காரணமின்றித் திடீரென இறந்த மாட்டை, அதிலும் மூக்கிலோ வாயிலோ உறையாத இரத்தம் கசிந்தால், தோலுக்கு ஆசைப்பட்டு உரிக்காதீர்கள். கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். குர்பானி நாள்களில் மதரஸாவுக்காகத் தோல் சேகரிக்கச் செல்லும் பிள்ளைகளின் கைகளையும் பொறுப்பிலுள்ளோர் அனுப்புவதற்கு முன் பார்க்கட்டும். கையில் காயமுள்ளவனுக்கு அன்று கணக்கெழுதும் வேலையைக் கொடுக்கலாம்.

வேலூர் உலகுக்குக் கற்பித்த பாடம்

சிறு காயத்தை நாள்தோறும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை உலகுக்குக் கற்பித்ததில் நம் வேலூருக்குப் பங்குண்டு. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால் விரல்கள் அந்நோயால் தாமாக அழுகி விழுவதில்லை என்பதை எடுத்துக் காட்டினார். நரம்பு பழுதுற்று உணர்ச்சி போய்விடுகிறது. காயம்பட்டதும் சுட்டதும் தெரிவதில்லை. புண்ணில் கிருமி புகுந்து எலும்புவரை செல்கிறது. அதனால்தான் விரல் குறைகிறது. 1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொடங்கப்பெற்ற தொழுநோய் மருத்துவமனையும் இவ்வழியிலேயே பணியாற்றிற்று. பாதத்தை நீரில் ஊறவைத்தல், தடித்த தோலைத் தேய்த்து நீக்குதல், எண்ணெய் தடவுதல், ஒவ்வொரு மாலையும் உள்ளங்காலைக் கண்ணால் பார்த்தல் என்னும் எளிய பழக்கங்களே எத்தனையோ கால்களைக் காத்தன.

தொழுநோய் இன்று பெரிதும் குறைந்துவிட்டது. மருந்தால் முற்றிலும் குணமாகிறது. ஆனால் அதே போன்று உணர்ச்சியற்ற பாதத்தைத் தரும் சர்க்கரை நோய் நம் வீடுகளில் நுழைந்துவிட்டது. அத்தாவுக்கோ பாட்டிக்கோ சர்க்கரை இருப்பின், இரவு உறங்குமுன் அவர்தம் பாதங்களைப் பார்ப்பதைப் பேரப்பிள்ளைகளிடம் பொறுப்பாக ஒப்படையுங்கள். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, ஆணி எது தெரிந்தாலும் சொல்லட்டும். வெறுங்காலுடன் நடக்க விடாதீர்கள். அவர்கள் காலை அதிக நேரம் ஊறவைப்பதும் சூடான நீரில் வைப்பதும் ஆகாது. சூடு அவர்களுக்குத் தெரியாது.

புண் வந்துவிட்டால்

காயம் பட்டவுடன் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவித் தூய துணியால் மூடுங்கள். சாம்பல், சுண்ணாம்பு, காப்பித்தூள், மாட்டுச் சாணம் எதையும் வைக்காதீர்கள். ஆலையில் ஆணியோ கத்தியோ குத்தினால் இசிவு நோய்த் தடுப்பூசி பற்றி அன்றே கேளுங்கள். சிரங்கின் பொருக்கை வெதுவெதுப்பான சோப்பு நீரால் நனைத்து மெல்ல நீக்கி மூடிவையுங்கள். சிரங்குள்ள பிள்ளைக்குத் தனித் துண்டு, தனித் தலையணை வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். மருத்துவரிடம் காட்டி மருந்து தொடங்கி ஓரிரு நாள் கழிந்த பின் பள்ளிக்கு அனுப்புங்கள். சீழ்க்கட்டியைப் பிதுக்காதீர்கள்; வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுங்கள். மூக்கின் அருகிலும் மேலுதட்டிலும் வரும் கட்டியைப் பிதுக்குவது பேராபத்து. கடையில் தாமாக மாத்திரை வாங்கி உண்பதும், மருத்துவர் எழுதித் தந்ததைப் பாதியில் நிறுத்துவதும் நாளை எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியை வளர்த்துவிடும்.

கீழ்க்கண்டவற்றுள் எது இருப்பினும் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்:

1. புண்ணைச் சுற்றிய சிவப்பு நாளுக்கு நாள் பரவுதல். அல்லது அங்கிருந்து செந்நிறக் கோடு மேலேறுதல்.
2. காய்ச்சல், நடுக்கம், தாங்கொணா வலி.
3. கைக்குழந்தைக்கோ, சர்க்கரை நோயாளிக்கோ, முதியவருக்கோ வரும் எந்தச் சீழ்ப்புண்ணும்.
4. வலியில்லாமல் நடுவில் கறுத்துச் சுற்றிலும் வீங்கும் புண்.
5. சிரங்கு கண்ட சில வாரங்களில் காலையில் முகவீக்கம், கறுத்த சிறுநீர், சிறுநீர் குறைதல்.

அந்த நிகழ்ச்சிக்குப் பின் எங்கள் மதரஸாவில் செய்த மாற்றம் பெரிதன்று. சுவரில் முப்பது ஆணிகளை அடித்தோம். ஒவ்வோர் ஆணியின்மேலும் ஒரு பெயர். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு. ஒளுச் செய்யும் குழாயருகே கயிற்றில் கட்டிய சோப்பு. வெள்ளிக்கிழமை காலையில் நகம் வெட்டுதல், துண்டு துவைத்தல். மாதம் ஒருமுறை கைகளை நீட்டச் சொல்லி விரலிடுக்குகளை நானே பார்ப்பேன். ஊரார் சிலர் நகைத்தனர், "ஹஜ்ரத் பாடம் நடத்துகிறாரா, மருத்துவமனை நடத்துகிறாரா?" என்றனர். அடுத்த மழைக்காலத்தில் ஓரிருவருக்குச் சிரங்கு வந்தது. அவை முதல் வாரத்திலேயே கண்ணில் பட்டன, ஆறின.

ஆம்பூர்ச் சகோதரிக்கு நான் கூறுவது இதுதான்: உங்கள் ஒளுவில் குறையில்லை, குளிப்பிலும் குறையில்லை. மூவரையும் ஒரே நாளில் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, சொறி உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இன்றிரவே உங்கள் வீட்டுக் கொடியில் தொங்கும் துண்டுகளையும் வீட்டில் உள்ளவர்களையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இல்லையெனில், நாளைக் காலை கடைத்தெருவில் வாங்க வேண்டியது எதுவென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வஸ்ஸலாம்.